தட்டின் அடியில் இருந்தது

அன்று சனிக்கிழமை. காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: மேசையின் தலைப்பக்க நாற்காலியில் கிரேஸ் மனோரஞ்சிதம் மேடம், ஆய்வுக்கூடத்தின் தலைவி; அவருக்கு வலப்பக்கம் டாக்டர் நல்லபெருமாள், ஓய்வுபெற்ற பேராசிரியர், வெளியிலிருந்து வந்தவர், முப்பிடாதி தன் ஆராய்ச்சியை இந்த வருஷம் எழுதி முடிக்கலாமா கூடாதா என்று கையெழுத்துப் போட வேண்டியவர்; திரைக்குப் பக்கத்தில் முப்பிடாதி, நான்கு வருஷம் ஏழு மாதமாக இங்கே ஆராய்ச்சி மாணவி; புரொஜெக்டர் வயரைக் கையில் பிடித்தபடி உதுமான், அவளுக்கு ஒரு வருஷம் இளைய மாணவன், பிடியை விட்டால் படம் அணைந்துவிடும்; கதவோரம் முக்காலியில் கொம்பையா, ஆய்வுக்கூட உதவியாளர், வயது அறுபத்தொன்று, படிப்பு ஏழாம் வகுப்பு. ஆக ஐந்து பேர். சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு பல்லி உண்டு. பாதி உடம்புதான் தெரிந்தது என்பதால் அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கொம்பையா யோசித்து, முழுதாக வெளியே வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தி வைத்தார். அவருடைய வலது சட்டைப் பையில் எண்ணும் மிஷின் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டை. மேலே உள்ள பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினால் டிக் என்று ஓர் எண் ஏறும். மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் செல்களை எண்ணுவதற்குக் கொடுத்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எண்ணிய செல்களைக் கூட்டினால் திருநெல்வேலி ஜனத்தொகையைத் தாண்டும், ஆனால் ஒன்றோடாவது பேசியிருக்கிறாரா என்று உதுமான் கேலி செய்வான். பேசியதில்லைதான். செல்களிடம் அவருக்குப் பிடித்ததே அது. இன்றைக்கு அவரைக் கூட்டத்தில் உட்கார வைத்ததற்குக் காரணம், "எண்ணினது யாருன்னு பெரியவர் கேட்டா நீங்க கைய மட்டும் தூக்குங்க அண்ணாச்சி, பேச வேண்டாம்" என்று மேடம் சொன்னதுதான். பேச வேண்டாம் என்பது உத்தரவாதமாக இருந்ததால் வந்து உட்கார்ந்தார். இல்லாவிட்டால் அவருக்குச் சனிக்கிழமைகளில் எப்போதும் கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலை இருக்கும், குழாய் இல்லாவிட்டாலும் இருக்கும்.

முப்பிடாதி ஆரம்பித்தாள். "நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு வீடுன்னு வச்சுக்கிட்டா, பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு நடுவுல சின்னச் சின்ன கதவு இருக்கு." கொம்பையா இந்த வாக்கியத்தைக் கேட்பது பன்னிரண்டாவது தடவை. பதினோரு தடவை அவரை எதிரே உட்கார வைத்துத்தான் சொல்லிப் பார்த்தாள், குறுக்கே பேசாத ஆள் என்று. ஆகவே அவருக்கு முழுக்க மனப்பாடம். ஒரு செல் தன் சுவரில் ஆறு புரதங்களை வட்டமாக நிறுத்தும். அது அரைக் கதவு. எதிர்வீட்டுச் செல் தன் பங்குக்கு ஆறை நிறுத்தும். இரண்டும் முகத்தோடு முகம் பொருந்தினால் பன்னிரண்டு, நடுவில் ஒரு ஓட்டை. அது வழியாக உப்பு போகும், சர்க்கரை போகும், கால்சியம் போகும், இன்னும் அவசரச் செய்தி சொல்லுகிற சில்லறைச் சாமான்கள் போகும். பெரிய உருப்படி எதுவும் போகாது. அந்தப் புரதத்துக்குப் பெயர் கனெக்சின். முதல் தடவை கேட்டபோது கொம்பையாவுக்கு அது 'கணக்சின்' என்று காதில் விழுந்து, கணக்கோடு சம்பந்தப்பட்டது போலிருக்கிறது என்று மரியாதை உண்டாகிவிட்டது. தன் நோட்டில் இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறார். ஆறும் ஆறும் பன்னிரண்டு. "ஆறு முகமும் பன்னெண்டு கையும் உள்ள சாமிய நீங்க தேர்ல வச்சு இழுக்கீங்க அண்ணாச்சி, நாங்க தட்டுல வச்சு வளக்கோம்" என்று உதுமான் ஒருநாள் சொன்னான். மேலப்பாளையத்துப் பையன், ஆனாலும் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. இருதயத்துச் செல்கள் எல்லாம் ஒன்றுபோல ஒரே நேரத்தில் துடிப்பது இந்தக் கதவுகளால்தான்; பிள்ளை பிறக்கிற வேளை நெருங்கும்போது கர்ப்பப்பையில் இந்தக் கதவுகள் கூடிப்போகுமாம், அப்போதுதான் எல்லாம் சேர்ந்து அழுத்த முடியும்; காதுக்குள் இது பழுதானால் பிறவியிலேயே காது கேட்காது. "என்னது? எங்க பழுது?" என்றார் நல்லபெருமாள், காதில் மாட்டியிருந்த கருவியைத் திருகி, அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. "காதுல சார்." "எனக்கு வயசானதுனாலம்மா, கதவுனால இல்ல." இதில் ஒரு விஷயம்தான் கொம்பையாவுக்கு முதலில் ஒப்பவில்லை. ஒரு செல் அடிபட்டுச் சாகப் போகிறது என்றால் அதற்குள் கால்சியம் வெள்ளமாகப் புகுந்துவிடும். உடனே பக்கத்துச் செல்கள் கதவைப் படாரென்று சாத்திக்கொள்ளும். சாகிறவன் வீட்டுக் கதவைச் சாத்துகிறதா, என்ன ஜாதி இது என்று நினைத்தார். சாத்தாவிட்டால் தெருவே சேர்ந்து சாகும் என்றாள் முப்பிடாதி. அதைக் கேட்டு அவர் இரண்டு நாள் யோசித்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டார், மனசுக்குள். அவளிடம் சொல்லவில்லை. பதினோரு தடவையும் கேட்டு முடித்து அவர் சொன்னது, "நல்லாருக்கு" என்ற ஒரே சொல், ஒன்பது தடவை. இரண்டு தடவை தலையசைப்பு.

திரையில் படம் வந்தது. தட்டில் ஒட்டி வளர்ந்த செல்களின் மேல் பிளேடால் ஒரு கீறல் போட்டு மஞ்சள் சாயத்தை ஊற்றினால், வெட்டுப்பட்ட செல்களுக்குள் சாயம் புகும்; அங்கிருந்து கதவு திறந்திருக்கிற அளவுக்கு அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை என்று பரவும். ஐந்து நிமிடம் கழித்துக் கழுவிவிட்டு, எத்தனை வரிசை தாண்டியிருக்கிறது என்று எண்ண வேண்டும். பன்னிரண்டு தட்டு. ஆறில் இலைச்சாறு, ஆறில் வெறும் தண்ணீர். எந்த இலை என்று வெளியே மூச்சு விடக்கூடாது என்பது மேடம் உத்தரவு; விடுதிக்குப் பின்னால் போய் அதைப் பறித்து வருகிறவர் கொம்பையாதான். இப்படியொரு ரகசியத்தை ஒப்படைக்க அவரைவிட நம்பகமான ஆள் கிடையாது. "மருந்துத் தட்டுல ஒன்பது, எட்டு, ஒன்பது, ஒன்பது, எட்டு. ஒரு தட்டு கீழ விழுந்து ஒடஞ்சுட்டு சார், அதனால அஞ்சுதான். வெறுந் தட்டுல மூணு, ரெண்டு, மூணு, மூணு, மூணு," முப்பிடாதி மூச்சு வாங்கினாள், "ஒன்பது." நல்லபெருமாள் நிமிர்ந்தார். "ஒன்பதா? வெறுந் தண்ணி ஊத்தின தட்டுலயா? மருந்து ஊத்தாமலே கதவு தொறந்துக்கிட்டா, அப்போ மருந்து எதுக்கும்மா?" "தெரியல சார்." "தட்டு மாறியிருக்குமோ?" என்றார் மேடம். "இல்ல மேடம். அடியிலயே 'க'ன்னு இருக்கு. தண்ணி ஊத்தின கட்டுப்பாட்டுத் தட்டுக்கு 'க', மருந்துத் தட்டுக்கு 'ம'. போட்டோலயே ஓரத்துல தெரியும் பாருங்க." அவள் படத்தைப் பெரிதாக்கினாள். ஓரத்தில், மங்கலாக, மைக் கோட்டில், கால் கொஞ்சம் நீண்டு, வால் வெளியே திரும்பி, அது நின்றது. கொம்பையா முக்காலியில் முன்னால் நகர்ந்தார். அந்த வாலை அவர் அறிவார். அந்த வாலைப் போட்டவரே அவர்தான். அது 'க' இல்லை. அது ஒன்று. ௧. ஏழாம் வகுப்போடு நிறுத்திவிட்டு அவர் முதலில் வேலைக்குப் போனது வண்ணார்பேட்டையில் ஒரு மரக்கடைக்கு. முதலாளிக்குத் தமிழ் எண் தவிர வேறு எண் வராது. வந்து இறங்குகிற ஒவ்வொரு தடிக்கும் அறுத்த முகத்தில் தாரால் எண் போட வேண்டும். 'பட்டையில போடாத வே, பட்டை உரிஞ்சிரும், தடிதான் நிக்கும்' என்பார். இங்கே வந்த புதிதில் இவர்கள் எல்லாரும் தட்டின் மூடியில் எழுதுவதைப் பார்த்துக் கொம்பையாவுக்குத் தூக்கம் வரவில்லை. மூடி என்பது பட்டை அல்லவா? எடுத்தால் கையோடு வந்துவிடும், எதன்மேலும் உட்காரும். ஆகவே தட்டைக் கவிழ்த்து அடியில், ஓரத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், தனக்குத் தெரிந்த எண்ணைப் போட்டு வைத்தார். மூன்றாம் வருஷம் அப்போதிருந்த பெரிய பேராசிரியர் கண்டுபிடித்து, எவன் இதில் புழு வரைந்தவன் என்று சத்தம் போட்டார், போட்டோவில் விழுகிறதாம். 'தட்டுகளின் அடியில் எழுதக் கூடாது' என்று ஓர் அட்டை எழுதி மாட்டினார்கள். அந்த அட்டை இதோ இந்த அறையில், கொம்பையாவின் தலைக்கு நேர் மேலே, இன்றும் தொங்குகிறது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. இன்னும் சிறியதாக எழுதினார். பத்தொன்பது வருஷமாக.

சம்பவம் நடந்தது மூன்று வாரத்துக்கு முந்திய வியாழக்கிழமை. முப்பிடாதி முதலில் மருந்து ஊற்றிய ஆறுக்கும் அவர் ௧ முதல் ௬ வரை, பிறகு தண்ணீர் ஊற்றிய ஆறுக்கு ௭ முதல் ௰௨ வரை போட்டு வைத்தார், வேலை நடந்த வரிசைப்படி. மாலையில் உதுமானின் கைபட்டு இரண்டு தட்டுகள் விழுந்தன. ஒன்று உடைந்தது, ஒன்று தப்பியது. மூடிகள் இரண்டும் தனியே உருண்டன, ஒன்றில் 'க', ஒன்றில் 'ம'. கொம்பையா துடைப்பம் எடுக்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது தப்பிய தட்டு ஏதோ ஒரு மூடியோடு உள்ளே போய்விட்டிருந்தது. அவர் உடைந்த துண்டுகளைக் கூட்டினார், துண்டு மூன்று, அவற்றில் ஒன்றில் ௮ இருந்தது, எட்டு, தண்ணீர்த் தட்டு. போனது தண்ணீர்த் தட்டுதானே என்று நிம்மதியாகக் குளோரின் வாளியில் போட்டார். யாரும் கேட்கவில்லை, கேட்காததை அவர் சொல்வதில்லை. எண்ணுவதற்கு அவரிடம் வந்த போட்டோவிலும் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. இப்போதுதான் தெரிகிறது: தப்பிய தட்டை முப்பிடாதி கவிழ்த்துப் பார்த்திருக்கிறாள், 'க' என்று வாசித்திருக்கிறாள், 'க' மூடியைப் போட்டிருக்கிறாள். பதினாலு மணி நேரம் நின்றுகொண்டு வேலை செய்த பிள்ளை, தானே எழுதியதாக நினைத்திருக்கும். ஒரு வால். வாலைச் சரியாகப் பார்த்திருந்தால் இந்த ஒன்பது இங்கே வந்திருக்காது, அங்கே போயிருக்கும், மருந்தில் ஆறு, தண்ணீரில் ஐந்து, எல்லாம் அதனதன் இடத்தில். இதைச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது அவர். தலைக்கு மேல் அட்டை. இந்த வேலையே வருஷா வருஷம் நீட்டிக் கொடுப்பது. பத்தொன்பது வருஷம் அட்டைக்கு அடியிலேயே உட்கார்ந்து எழுதினவனுக்கு யார் நீட்டுவார்கள்? கொம்பையா வாயைத் திறந்து பார்த்தார். தொண்டையில் ஏதோ சாத்திக்கொண்டது. கால்சியம்தான். சின்ன வயதிலிருந்தே அவருக்கு அங்கே கால்சியம் அதிகம். இன்று காலையில்கூட இதேதான். வீட்டில் அவர் மனைவி பேச்சியம்மாள் ஒரு சட்டியைக் கவிழ்த்துக் காட்டி, "இந்தா பாருங்க, அடியில 'க' போட்டிருக்கு. கனியம்மா சட்டி. நம்ம சட்டிய அவ வச்சுக்கிட்டு அவளோட நசுங்கின சட்டிய நம்ம தலையில கட்டிட்டா. கண்ணு முன்னால இப்படி ஒரு திருட்டு உண்டா?" என்றாள். பக்கத்து வீட்டுக் கனியம்மாவுக்கும் இவர்களுக்கும் நடுவில் பொதுச்சுவர், பின்கட்டில் அதில் ஒரு குட்டிக் கதவு. கறிவேப்பிலை போகும், ஒரு தம்ளர் சீனி போகும், ஊர்ச்சேதி எல்லாம் போகும். அண்டா மட்டும் தெருவைச் சுற்றித்தான் போக வேண்டும். நாலு நாளாக அந்தக் கதவு சாத்திக் கிடக்கிறது. வீட்டுப் பாத்திரங்களுக்கு ஆணியால் ஒன்று முதல் ஏழு வரை போட்டவர் கொம்பையாதான்; அந்தச் சட்டியில் இருப்பதும் ௧தான். அப்போது அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார், வாயில் நுரை இருந்தது, அதனால் ஒன்றும் சொல்லவில்லை. நுரை போன பிறகும் சொல்லவில்லை. ஆக ஒரே வால், ஒரே வாரத்தில் இரண்டு கதவைச் சாத்தியிருக்கிறது. என்ன எழுத்து இது. மரக்கடை முதலாளி வேறு எண் படித்திருக்கக் கூடாதா.

நல்லபெருமாள் ஏதோ புத்தகத்தைப் புரட்டினார். நேரம் பத்து இருபத்தொன்பது. சொல்வதை முன்கூட்டியே ஒழுங்கு பண்ணிக்கொண்டால் வந்துவிடும் என்று கொம்பையா கண்ணை மூடாமலே மனசுக்குள் ஒரு வாக்கியம் கட்டினார். மரக்கடையில் ஆரம்பித்தது, முப்பத்தெட்டுச் சொல் வந்தது; அவ்வளவு சொற்களை அவர் கல்யாண வீட்டிலும் ஒன்றாகப் பேசியதில்லை. மரக்கடையை எடுத்துவிட்டார். இருபத்தேழு. பேராசிரியரையும் புழுவையும் எடுத்தார். கடைசியில் நின்றது இது: "மேடம், மன்னிக்கணும், அந்தத் தட்டுல இருக்கிறது எழுத்து இல்ல, நம்பரு. நான்தான் போட்டேன். ஒண்ணாம் நம்பரு மருந்துத் தட்டு. ஒடஞ்சது எட்டாம் நம்பரு, அதுதான் வெறுந் தட்டு." சரிபார்ப்பதற்காகப் பைக்குள் மிஷினைப் பூச்சியத்துக்குத் திருகிவிட்டு, சொல்லுக்கு ஒன்றாக அழுத்தினார். டிக், டிக், டிக். 'நான்தான்' ஒன்றா இரண்டா என்று ஒரு சந்தேகம். ஒன்று என்று வைத்தார். 'வெறுந் தட்டு' இரண்டு. டிக், டிக். இருபது. "என்ன சத்தம் அது?" என்றார் நல்லபெருமாள், காதுக் கருவியைக் கழற்றி உதறி. மற்றதெல்லாம் கேட்காத காதுக்கு இது மட்டும் கேட்டுவிட்டது. "பல்லி சார்" என்றான் உதுமான். பல்லி கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது, பொய்ச்சாட்சிக்கு வந்ததுபோல. இருபது சொல் இருந்தது, ஆனால் முதல் சொல்லான 'மேடம்' வாசலிலேயே சிக்கிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் பத்தொன்பதும் ரேஷன் கடை வரிசைபோல நெருக்கியடித்தன. ஒரு கதவின் ஆயுசு அரை நாள்கூடக் கிடையாது என்று முப்பிடாதி சொல்லியிருக்கிறாள். செல் பழசைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் புதுசு வைத்துக்கொண்டே இருக்குமாம். கொம்பையாவின் தொண்டைக் கதவு அறுபத்தொரு வருஷமாக அதே கதவு, ஆணிகூட மாற்றவில்லை.

"சரிம்மா," என்று நல்லபெருமாள் பேனாவைத் திறந்தார். "நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல. ஆனா வெறுந் தட்டுல ஒன்பது வந்திருக்குன்னா ஒண்ணு கை சுத்தமில்ல, இல்லைன்னா எண்ணினவருக்குக் கண்ணு சரியில்ல. பன்னெண்டு தட்டையும் முதல்லருந்து போடு. ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்." கண் சரியில்லையா. கொம்பையாவுக்குக் காது மடல் சூடானது. எண்ணியது ஒன்பது, மூன்று தடவை எண்ணினார், மூன்று தடவையும் ஒன்பது. மேடம் முப்பிடாதியைப் பார்த்தார். முப்பிடாதி அழவில்லை. அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. திரையில் இருந்த அந்த ஓரத்து வாலை விரலால் தொட்டு, தூசியைத் துடைப்பதுபோல இரண்டு தடவை துடைத்தாள். வெளிச்சம் எப்படித் துடைபடும்? "விடுதியில எனக்கு மார்ச்சோட சரி சார்," என்றாள், யாரிடம் என்று இல்லாமல். "அதுக்கு மேல ஊருக்குத்தான் போகணும். போனா திரும்ப விட மாட்டாங்க." பேனா தாளில் பட்டது. ஆ என்று ஆரம்பித்து ஒரு சுழி விழுந்தது. ஆறு மாதத்தின் ஆ. அவளுடைய மருந்துத் தட்டு ஒன்று தண்ணீர்த் தட்டுகள் நடுவில், யாருக்கும் தெரியாத வேஷத்தில், தனியாக ஒன்பது வரிசைக்குக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறது, எல்லாரும் அதைப் பார்த்து நீ யார் என்கிறார்கள். அப்போது பல்லி கடிகாரத்தை விட்டு முழுதாக வெளியே வந்து அட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தது. ஆறு, என்று கொம்பையா எண்ணினார். எண்ணின வேகத்தில் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார், எழுந்ததை மற்ற நால்வரோடு சேர்ந்து அவரும் கவனித்தார். வரிசையின் தலையில் நின்ற 'மேடம்' அப்படியே நிற்க, அதன் கக்கத்துக்கு அடியில் நுழைந்து நடுவிலிருந்து மூன்று சொற்கள் மட்டும் வெளியே விழுந்தன. "எழுத்து இல்ல, நம்பரு."

"எழுந்து என்ன?" என்றார் நல்லபெருமாள். "எழுத்து சார், எழுத்து" என்றாள் முப்பிடாதி, ஆனால் அவள் பெரியவரைப் பார்க்கவில்லை, கொம்பையாவைப் பார்த்தாள், பிறகு வாலைப் பார்த்தாள். "நம்பரா? எந்த... அண்ணாச்சி, இது 'க' இல்லயா? ஒண்ணா? தமிழ் ஒண்ணா?" கொம்பையா தலையசைத்தார். "அப்போ இன்னொரு தட்டுல 'உ' இருந்ததே, நீங்க எனக்காகப் பிள்ளையார் சுழி போட்டீங்கன்னுல்லா நெனச்சேன்! மேடம் ஏசுவாங்கன்னு அத யார்ட்டயும் சொல்லவே இல்ல. அது ரெண்டா?" தலையசைத்தார். "ரெண்டு மருந்துத் தட்டு," என்றாள் அவள், தனக்குத்தானே, "ஒண்ணும் மருந்துதான், நான் முதல்ல ஆறு மருந்துதான ஊத்தினேன்..." அதற்குள் உதுமான் வயரைப் போட்டுவிட்டு எழுந்தான், படம் அணைந்தது, யாரும் கவலைப்படவில்லை. "அப்போ ஒடஞ்ச தட்டு? அதுல 'அ' மாதிரி என்னமோ இருந்துச்சு, கம்பெனிக்காரன் அச்சுன்னு நெனச்சேன்." "எட்டு!" என்றாள் முப்பிடாதி. "ஏழுலருந்து தண்ணி. ஒடஞ்சது தண்ணித் தட்டு மேடம்!" மேடம் தாளை நல்லபெருமாள் கையிலிருந்து மெல்ல இழுத்து எண்களை எழுதினார்: மருந்தில் ஒன்பது, எட்டு, ஒன்பது, ஒன்பது, எட்டு, ஒன்பது, தண்ணீரில் மூன்று, இரண்டு, மூன்று, மூன்று, மூன்று. எழுதிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நல்ல கோலத்தைப் பார்ப்பதுபோல. கொம்பையா நின்றபடியே இருந்தார். கீறின இடத்தில் கொஞ்சம் ஊற்றினால் போதும், மற்றதை அவர்களே கடத்திக்கொள்கிறார்கள், கைக்குக் கை, வாய்க்கு வாய், அவர் கட்டி வைத்திருந்த ஒன்றும் எட்டும் மருந்தும் தண்ணீரும் அவர் உதவி இல்லாமலே அறையைச் சுற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டன. இது தெரிந்திருந்தால் இருபது கட்டியிருக்க வேண்டாம். "போட்டோவுல வர்ற இந்தப் புழுவ," என்று மேடம் அவர் பக்கம் திரும்பினார், கொம்பையாவுக்கு மறுபடி கால்சியம் ஏறியது, "கேமராக் கோளாறுன்னு நெனச்சு ரெண்டு தடவ லென்ஸ் மாத்தியிருக்கேன் அண்ணாச்சி. எத்தன வருசமா போடுதீங்க?" அட்டை மாட்டியதிலிருந்து கணக்குப் போட்டு அவர் பத்து விரலைக் காட்டினார். பிறகு ஒன்பதைக் காட்டினார். மேடம் அட்டையை அண்ணாந்து பார்த்தார், பல்லியையும் பார்த்தார், சிரிக்கக் கூடாது என்று முயற்சி பண்ணி, முடியாமல் போனது. "உதுமான், அந்த அட்டையக் கழத்து. இனிமே மூடியில யாரும் எழுத வேண்டாம், அடியிலயே எழுதுங்க. அண்ணாச்சி, நீங்க மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணு ரெண்டாப் போடுங்க." "வேண்டாம் மேடம்," என்றான் உதுமான், முக்காலி மேல் ஏறிக்கொண்டு, "நாங்க இத படிச்சுக்கிடுதோம். அண்ணாச்சி ரெண்டாவது ஒரு மொழி கத்துக்கிட்டுப் பேசாம இருக்கதுக்கு வயசாயிட்டு."

நல்லபெருமாள் தான் எழுதிய 'ஆ'வை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதையே வைத்துக்கொண்டு 'ஆராய்ச்சியை எழுதி முடிக்கலாம்' என்று நீட்டிக் கையெழுத்துப் போட்டார். ஒரு சுழியும் வீண் போகவில்லை, கொம்பையாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. "எண்ணினது யாரு, இவரா?" என்று பெரியவர் கேட்டார். கொம்பையா மேடம் சொன்னபடி கையை மட்டும் தூக்கினார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார் பெரியவர். முப்பிடாதி கொம்பையாவின் பக்கத்தில் வந்து நின்றாள், ஏதோ சொல்ல வந்து, அவளுக்கும் சாத்திக்கொண்டது. அவருக்கு அது நன்றாகப் புரிந்தது, ஆகவே "நல்லாருக்கு" என்றார், பத்தாவது தடவையாக. அது கணக்கில் வராது, அது ஏற்கெனவே கைவசம் இருந்த சொல். நேரம் பத்து நாற்பத்தொன்று. பைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மிஷினில் இருபது அப்படியே நின்றது. அந்த மிஷின் ஏற்றும், இறக்கத் தெரியாது. கழிப்பதை மனசில்தான் செய்ய வேண்டும். இருபதில் மூன்று செலவு, போகப் பதினேழு. அதில் 'நான்தான் போட்டேன்' இரண்டும் பேச்சியம்மாளுக்கு, மதியம் சாப்பாட்டுக்கு முன்னால், வாயில் நுரையும் சோறும் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து. அந்த இரண்டைப் போட்டால் போதும், சட்டி, கனியம்மா, பின்கட்டுக் கதவு எல்லாவற்றையும் அவளே பேசிக்கொள்வாள், அவளுக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அதுவும் போக, மீதி பதினைந்து.